இடுப்பு பிடித்துக்கொண்டால் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது

போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை. கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்த துணி ரோலை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன், வயது 41. தினமும் இருபது கிலோ ரோலைத் தூக்குகிறவனுக்கு அன்றைக்கு மட்டும் என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியவில்லை. ஹெல்பர் பையன்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

அதற்கப்புறம் நான்கு மாதத்தில் 18,250 ரூபாய் கரைந்தது. எண்ணெய் மசாஜ் ஏழு நாளுக்கு 7,000, ஸ்கேன் 6,500, மாத்திரை 2,400, டாக்டர் பீஸ் மூன்று முறை 1,500, பெல்ட் 850. இவ்வளவும் செய்த பிறகு என்னை மறுபடி டேபிள் முன்னால் நிற்க வைத்தது, 350 ரூபாய் வீதம் எட்டு முறை போன பிசியோதெரபி. அதற்கு ஆனது 2,800. நான் செய்தவற்றில் பாதி தப்பே இல்லை, வரிசைதான் தப்பு. கடைசியில் எடுக்க வேண்டிய ஸ்கேனை முதல் வாரத்தில் எடுத்தேன். முதல் நாளே போயிருக்க வேண்டிய ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டிஸ்பென்சரிக்கு இரண்டாவது வாரம்தான் போனேன். நீங்கள் அப்படிச் செய்யாமல் இருக்க, சரியான வரிசை இதோ.

1. முதலில் இது ஆபத்தான வலியா என்று பாருங்கள்

இடுப்புவலி வந்த பெரும்பாலோருக்கு ஆபத்து எதுவும் இருக்காது. தசையோ, மூட்டோ, எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வோ முறுக்கிக்கொண்டு, நாலு முதல் ஆறு வாரத்தில் வழிக்கு வந்துவிடும். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

- சிறுநீர் முட்டுகிறது, ஆனால் வரவில்லை. அல்லது தெரியாமலே கசிகிறது. மலத்தை அடக்க முடியவில்லை.
- சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப் போயிருக்கிறது. கழுவும்போது கை படுவது தெரியவில்லை.
- ஒரு காலோ இரண்டு காலுமோ பலம் குறைந்துகொண்டே வருகிறது.
- மாடிப்படியிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பிறகு வந்த கடும் வலி.

முதல் இரண்டும் வருவது, முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கும்போது. அதற்கு அவசர அறுவை சிகிச்சைதான் வழி. நாள் கடத்தினால் சிறுநீர்ப் பை கடைசிவரை பழைய நிலைக்கு வராமல் போகலாம். கூச்சப்பட்டுக்கொண்டு இதை டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய. சொல்லிவிடுங்கள்.

காலின் பலத்தை வீட்டிலேயே பார்க்கலாம். சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலால் பத்து அடி, பிறகு முன்விரல்களால் பத்து அடி நடங்கள். ஒரு பாதம் மட்டும் தூக்க வரவில்லை, நடக்கும்போது செருப்பு காலில் நிற்காமல் கழன்று போகிறது என்றால் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இன்னும் சில வலிகள் அவசரமில்லை, ஆனால் நாலு நாளுக்குள் டாக்டரிடம் போக வேண்டியவை. சாயங்காலமானால் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை ஆகியவற்றோடு வரும் இடுப்புவலி முதுகெலும்பில் டி.பி.யாக இருக்கலாம். நம் ஊரில் அதை மறக்கவே கூடாது. முன்பு புற்றுநோய் இருந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் எடுப்பவர்கள், லேசாக வழுக்கி விழுந்த வயதான பெண்கள் இவர்களும் காத்திருக்கக் கூடாது. வயது நாற்பதுக்குள், மூன்று மாதத்துக்கு மேல் வலி, காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு கட்டையாக இருந்து நடமாடினால் சரியாகிறது என்றால் அது வேறு கதை. வாதநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விலாவுக்குக் கீழே ஆரம்பித்து அடிவயிறு வரை அலை அலையாக வந்து, எப்படிப் படுத்தாலும் இருப்புக்கொள்ளவில்லையா? சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்.

2. முதல் மூன்று நாள்: படுத்தே கிடக்காதீர்கள்

எல்லோரும் சொல்வது, "ஒரு வாரம் அசையாமப் படு." நானும் ஆறு நாள் கிடந்தேன். ஏழாம் நாள் எழுந்தபோது வலியோடு காலும் நடுங்கியது. அசையவே முடியாத நிலையில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் படுக்கலாம். அதற்குமேல் வீட்டுக்குள்ளேயே ஐந்து ஐந்து நிமிடமாக நடங்கள். நடக்கும்போது கொஞ்சம் வலிக்கும். அதனால் உள்ளே எதுவும் அறுந்து போகாது.

படுப்பதற்கு வசதியான நிலை இரண்டு. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. எழும்போது நேராக நிமிர்ந்து எழாதீர்கள். ஒருபக்கமாகத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். தரையில் பாய் போட்டுப் படுத்தால்தான் முதுகு நேராகும் என்பார்கள். தரையிலிருந்து எழுவதுதான் முதல் வாரத்தில் பெரிய சித்திரவதை, எனவே கட்டில்தான் நல்லது. மெத்தை கல்லு மாதிரியும் வேண்டாம், ஆளை விழுங்குவதாகவும் வேண்டாம். குத்துக்காலிடும் கழிப்பறை மட்டும்தான் இருக்கிறதென்றால், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு வாரத்துக்கு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்து முழங்காலை லேசாக மடக்கிக்கொள்ளுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. துணி சுற்றாமல் வைத்துத் தோல் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் அம்மா இதை வாயுப் பிடிப்பு என்று சொல்லி, பூண்டும் பெருங்காயமும் போட்டு ரசம் வைத்தார். ரசம் நன்றாக இருந்தது, வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரசத்தால் கெடுதலும் இல்லை. ஆனால் பக்கத்து லைன் வீட்டில் பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்த பையன் ஒருவன் இருக்கிறான், அவன் என் முதுகில் ஏறி மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று கூட்டிவந்தார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். முதுகில் ஏறி மிதிப்பது, "நரம்பை எடுத்துவிடுகிறேன்" என்று இடுப்பை வெடுக்கென்று திருகுவது இரண்டும் முதல் வாரத்தில் வேண்டவே வேண்டாம். காலுக்கு வலி இறங்கியிருந்தால் எந்த வாரத்திலும் வேண்டாம்.

3. மருந்துக் கடையில் "செட்" வாங்காதீர்கள்

"அண்ணா, இடுப்பு வலிக்கு ரெண்டு வேளைக்கு செட் குடுங்க" என்று கேட்டால் நாலு கலர் மாத்திரை பொட்டலமாக வரும். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, பிறகு பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. நான் மூன்று நாள் செட் மாத்திரை போட்டேன். டாக்டர் தனியாக எழுதினார். இரண்டிலும் டைக்ளோபினாக் என்ற ஒரே வலி மருந்து இருந்தது என்பது, வயிறு எரிந்து வாந்தி வந்த பிறகுதான் தெரிந்தது.

வலி மாத்திரை தேவைப்படும், அதில் வீராப்பு வேண்டாம். ஆனால் அட்டையோடு வாங்குங்கள், பெயரைப் படியுங்கள், சாப்பிட்ட பிறகு போடுங்கள், ஐந்து ஏழு நாளுக்கு மேல் போகாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா, இதய நோய் இருந்தாலோ பி.பி. மாத்திரை போட்டாலோ டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கை. மழைக்காலத்தில் காய்ச்சலோடு இடுப்பு உடைகிற மாதிரி வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது பாராசிட்டமால் தவிர வேறு எந்த வலி மாத்திரையும் கூடாது, ரத்தக்கசிவு வரலாம்.

ஊசி போட்டதும் சட்டென்று விட்டால் சந்தோஷம்தான். என்ன ஊசி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துச் செலவைக் குறைக்க மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் அதே மருந்தை, கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல், மூலப்பெயரில் கேளுங்கள்.

4. எங்கே போவது, கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு வாரத்தில் கொஞ்சமும் குறையவில்லை, அல்லது வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். முதலில் பொது மருத்துவர் போதும். நேராக முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் போவது, பஞ்சருக்கு இன்ஜின் மெக்கானிக்கைத் தேடுகிற மாதிரி.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனி பதிவு செய்திருந்தால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். சீட்டில் பிடித்தம் இல்லையென்றால் பெரும்பாலும் பதிவும் இருக்காது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்கள் பலர் இதை வலி வந்த நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள். டிஸ்பென்சரிக்குப் போகும்போது இ-பெஹ்சான் அட்டை (ஈ.எஸ்.ஐ. அடையாள அட்டை), பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பர், ஆதார் மூன்றும் வேண்டும். காலையில் சீக்கிரம் போங்கள். அவசரம் இல்லையென்றால், அங்கே எழுதிக் கொடுத்தால்தான் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போக முடியும். எங்கள் பக்கத்துக்குப் பெரியது கோவை சிங்காநல்லூரில் இருக்கிறது.

ஈ.எஸ்.ஐ. இல்லாமல், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ரேஷன் அட்டை, குடும்பத்தார் ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. விவரம் கேட்க 1800 425 3993. வலி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை, எனவே நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

வீட்டில் நடமாட முடியாத வயதானவர்கள் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

எங்கே போனாலும் ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: வலி எப்போது, என்ன செய்யும்போது வந்தது, எதுவரை இறங்குகிறது, எதனால் கூடுகிறது, இதுவரை என்ன மாத்திரை போட்டீர்கள். டாக்டருக்குக் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் மிச்சமாகும்.

5. லீவு நாளுக்குச் சம்பளம் வாங்குவது

இதில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். பதினோரு நாள் தனியார் டாக்டரிடம் போய், அவர் கொடுத்த லீவு சீட்டைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்தப் பதினோரு நாளுக்கு ஒரு பைசா வரவில்லை.

ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் என்று ஒன்று உண்டு. சராசரி தினக் கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. கூலி 600 என்றால் நாளுக்கு 420. ஆனால் விடுப்பு ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றில் பதிவாகியிருக்க வேண்டும். முதல் நாளே போய் முதல் சான்று, லீவு நீண்டால் இடைச் சான்று, வேலைக்குத் திரும்பும்போது இறுதிச் சான்று. இவற்றோடு வங்கிக் கணக்கு விவரம் சேர்த்துக் கிளை அலுவலகத்தில் கோர வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது.

இன்னொரு நிபந்தனை நாள் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பணம் கேட்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பருக்கு. கம்பெனி மாறி நடுவில் இரண்டு மாதம் சும்மா இருந்தவர்களுக்கு இந்த 78 இடிக்கும். ஒவ்வொரு தாளையும் கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வையுங்கள்.

6. ஸ்கேன்: ஆறு வாரம் பொறுங்கள்

முதல் பகுதியில் சொன்ன ஆபத்து அடையாளம் இல்லையென்றால், முதல் ஆறு வாரத்தில் எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ தேவையில்லை. எடுத்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. நான் ஐந்தாம் நாள் எடுத்தேன். ரிப்போர்ட்டில் "எல்4-எல்5 டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், டிஸ்க் டெசிக்கேஷன்" என்று இருந்தது. அன்று ராத்திரி தூங்கவில்லை. ஜவ்வு விலகிவிட்டது, தேய்ந்துவிட்டது, இனி வேலை அவ்வளவுதான் என்று மனைவியிடம் சொன்னேன். அவர் நகையை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

பிசியோதெரபிஸ்ட்தான் விளக்கினார். எல்4-எல்5 என்றால் இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில். பல்ஜ் என்றால் ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. டெசிக்கேஷன் என்றால் நீர் வற்றியிருக்கிறது, பழைய பனியனின் ரிப் தளர்கிற மாதிரி. இடுப்புவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை வைத்து 2015-இல் வெளியான தொகுப்பு ஒன்றில், நாற்பது வயதுக்காரர்களில் 50 சதவீதம் பேருக்குப் பல்ஜும், 68 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானமும் இருந்தது. அதாவது எங்கள் கட்டிங் செக்ஷனில் ஒரு வலியும் இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களைப் படுக்க வைத்து எடுத்தாலும் பாதிப் பேருக்கு என் ரிப்போர்ட்தான் வரும்.

ஆறு வாரமாகியும் கால்வலி விடவில்லை, ஊசியோ அறுவை சிகிச்சையோ யோசிக்கிறார்கள் என்றால் அப்போது எடுங்கள். தனியாரில் விலை சென்டருக்குச் சென்டர் மாறும். மூன்று இடத்தில் போன் போட்டுக் கேளுங்கள். என்னுடன் வேலை செய்பவர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2,500 கட்டி எடுத்தார், ஆனால் தேதி கிடைக்கக் காத்திருந்தார். படத்தையும் ரிப்போர்ட்டையும் சேர்த்து வாங்குங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் இருந்தால் அடுத்த டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார். உடம்பில் பேஸ்மேக்கர், உலோகம் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

7. பிசியோ: மெஷினுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்

சில இடங்களில் இருபது நிமிடம் கரண்ட் ஒத்தடம் வைத்து, பெல்ட் கட்டி இழுத்து, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வைத்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அதோடு சரி. முதல் நாளே கேளுங்கள்: "எனக்கு என்ன உடற்பயிற்சி சொல்லித் தருவீர்கள்? எத்தனை முறை வர வேண்டும்?" சரியானவர் உங்களைக் குனிய, நிமிர, நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆறு முதல் பத்து முறைக்குள் முடிக்கப் பார்ப்பார். இருபது சிட்டிங் பேக்கேஜ் என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

எனக்குச் சொல்லித் தந்தவை இவை. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி அரை நிமிடம். மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, பத்து முறை. தவழும் நிலையில் வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டிப் பத்து விநாடி, பிறகு மாற்றி. ஒருக்களித்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. அதோடு நடை, பத்து நிமிடத்தில் ஆரம்பித்து முப்பது வரை.

ஒரு அடையாளம் முக்கியம். பயிற்சி செய்யும்போது காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்லது, இடுப்பில் கூடினாலும் பரவாயில்லை. இடுப்பிலிருந்து கால் நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் முழுதாகக் குனியும் எதையும் செய்யாதீர்கள். ராத்திரி முழுக்கப் படுத்ததில் ஜவ்வு நீர் ஏறி உப்பியிருக்கும். வீடியோ பார்த்துக் காலைத் தொடுவதும் சூரிய நமஸ்காரமும் வலி போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெல்ட்டை பஸ் பயணத்துக்கு மட்டும் கட்டுங்கள். நான் தூங்கும்போதும் கட்டியிருந்தேன்!

8. அறுவை சிகிச்சையும் இன்சூரன்சும்

ஜவ்வு பிதுங்கிக் கால் வலித்தாலும் பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் தானாக அடங்கிவிடும், பிதுங்கிய பகுதியை உடம்பே கரைத்துவிடுவதும் உண்டு. பலம் குறைந்தால், அல்லது ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகியும் கால்வலி தாங்க முடியவில்லை என்றால்தான் கத்தியைப் பற்றிய பேச்சு. இடுப்பில் மட்டும் வலி என்றால் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுத்துகிறவரிடம் ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டு இன்னொருவரைப் பாருங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியில் இரண்டு இடம் பாருங்கள். முதுகெலும்பு, ஜவ்வு நோய்களுக்குப் பல பாலிசிகளில் 24 மாதம் காத்திருப்புக் காலம் இருக்கும், விபத்தில் வந்தது தவிர. இரண்டாவது, "ஒரு நாள் அட்மிட் ஆகுங்க, ஸ்கேன் காசு இன்சூரன்சில் வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் தர மாட்டார்கள், அறை வாடகையும் உங்கள் தலையில் விழும்.

9. வேலைக்குத் திரும்புவது

வலி முழுக்கப் போன பிறகுதான் போவேன் என்று இருக்காதீர்கள். பாதி குறைந்ததும் போங்கள், ஆனால் முதலாளியிடம் பேசிவிட்டுப் போங்கள். நான் கேட்டது மூன்று: ரோல் தூக்க ஹெல்பர், டேபிளுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயரம், நிற்கும்போது ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு மரக்கட்டை. மூன்றுக்கும் சேர்த்துச் செலவு பூஜ்யம் என்பதால் உடனே சம்மதித்தார். உட்கார்ந்து தைக்கிறவர்கள் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போங்கள். வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்க்காதீர்கள், சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். கேஸ் சிலிண்டரைத் தூக்காதீர்கள், உருட்டுங்கள். இருசக்கர வண்டி இரண்டு வாரம் வேண்டாம், எங்கள் ரோட்டில் வேகத்தடையைவிடப் பள்ளம் அதிகம்.

இந்த வலி திரும்ப வரும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்குப் பங்குனியில் மறுபடி பிடித்தது. குதிகாலால் நடந்து பார்த்தேன், சரியாக இருந்தது. அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போய்ச் சான்று வாங்கினேன், ஒரு நாள் படுத்தேன், மறுநாளிலிருந்து நடந்தேன், நாலாம் நாள் பயிற்சியை ஆரம்பித்தேன். ஒன்பதாம் நாள் டேபிள் முன்னால் நின்றேன். ஆட்டோவுக்கு 160 ரூபாய் ஆனது. முதல் இரண்டு நாள் போக, ஆறு நாள் பணம் மூன்று வாரத்தில் வங்கிக்கு வந்தது.